முதலைத் தொடாதே

என் அருமை ஹனீபா நானா,

கபுறுக் குழிக்குள் கடிதம் வந்து சேருமா என்று தெரியாது. வந்தாலும் உங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதே! அரபு எழுத்தில் எழுதிய தமிழைத்தான் வாசிப்பீர்கள். அங்கேயும் ஒரு கந்தோர்க் கிளாக்கரைப் பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள். என்னைவிட ஒழுங்கான ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள்.

முதலில் ஊர்ப் புதினம். நம் ஊர்க் கொழும்பு வீதியில், நீங்கள் வருஷக்கணக்காகக் குந்தியிருந்து தைத்த புடவைக்கடை விறாந்தையில், இப்போது ஒரு புது டைலர். அவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். "யாருடைய கோட் இது?" என்று கந்தோரில் துரையே கேட்டார். உங்கள் பழைய முதலாளி தலைக்கு மை பூசத் தொடங்கியிருக்கிறார். மூன்றாம் கலியாணமாம். நான் சொன்னதாக யாருக்கும் சொல்ல வேண்டாம்.

பணக்காரனாவது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கினோமே, மெட்ராஸிலிருந்து தபாலில், பாதிக்குப் பாதி போட்டு? அதை எழுதினவர் பணக்காரராகிவிட்டார் என்பதற்கு நாம் இரண்டு பேருமே சாட்சி. ஞாயிறு பின்னேரங்களில் கட்டுக்கலையில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் வாசிப்பேன், நீங்கள் பொத்தான் துளை தைத்தபடி கேட்பீர்கள். உங்கள் மனைவி சுபைதா ராத்தா ஒரு தட்டில், கையில் ஒட்டும் அந்தத் தொதல் இனிப்பை வெட்டி வைப்பார். நான் ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் முன்னேறுவேன்.

"எக்காரணத்தைக் கொண்டும் முதலைத் தொடாதே" என்று ஒரு பக்கத்தின் கடைசி வரியை வாசித்தேன். உங்கள் ஊசி நின்றது.

"முதலயா? அது மகாவலி கங்கைல தானே ஈக்கிது! அத ஆரு தம்பி தொடப் போற?"

அடுப்படியில் ராத்தா சிரித்த சிரிப்பில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. முதல் என்றால் கையில் சேர்த்து வைத்த மூலப்பணம் என்று நான் விளக்கினேன். "அப்ப ரெண்டும் ஒண்டுதான். தொட்டாக் கடிக்கும்" என்றீர்கள். சிரித்துச் சிரித்து நான் தாளைப் புரட்டினேன்.

அன்றிலிருந்து, சொந்தக் கடை போட நீங்கள் பணம் சேர்த்த பிஸ்கட் டின்னுக்கு முதலை என்றே பேர். "முதலை தூங்குதா ராத்தா?" என்று கேட்டுக்கொண்டுதான் நான் வாசலில் செருப்பைக் கழற்றுவேன்.

பிறகு உங்கள் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. கொழும்புக்குப் போய் வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். நான் வந்தபோது ராத்தா டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு வார்த்த செல்லுங்க தம்பி. ஒங்கட பேச்சத்தான் கேப்பாரு."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "கிதாபுல என்ன ஈக்கிது? எக்காரணத்தைக் கொண்டும் எண்டுதானே? நீங்கதானே வாசிச்ச?"

"அப்படித்தான் போட்டிருக்கு நானா" என்றேன்.

பகிடிக்குச் சொன்னேன் நானா. எதையும் பகிடியாகச் சொல்லிப் பழகிப்போன வாய். நீங்கள் சிரிப்பீர்கள், நான் திட்டுவேன், ரயிலுக்குக் கிளம்புவோம் என்று நினைத்தேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அப்போதாவது நான் ஏன் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை? நோன்பு மாதம் பிறக்குமுன் மவுத்தாகிவிட்டீர்கள்.

முதலை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ராத்தாவின் தம்பி அதைத் தெல்தெனியவுக்குக் கொண்டுபோய்க் கொக்கோ வியாபாரத்தில் இறக்கினார். விலை விழுந்தது. டின் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ராத்தா இப்போது தொப்பி பின்னி விற்கிறார். டின்னில் நூலுருண்டை இருக்கிறது.

போன மாதம் அந்தப் புத்தகத்தைக் கடலைக்காரருக்குப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு பெருவிரல் அடையாளம், தொதல் நிறத்தில். யாருடைய விரல் என்று விசாரணை வைக்கத் தேவையில்லை. ஈரத்துணி வைத்துப் பிரித்தேன்.

"எக்காரணத்தைக் கொண்டும் முதலைத் தொடாதே" என்று முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். அதன் முதல் வார்த்தை, "என்று".

"என்று பிடிவாதம் பிடிப்பவன் மூடன். உயிருக்கு ஆபத்து வந்தால் அள்ளிச் செலவழி. ஆள் இருந்தால் முதல் மறுபடி சேரும்."

தமிழில் இந்த 'என்று' ஏன் வாலில் வந்து தொலைக்கிறது நானா? முன்னாலேயே வந்திருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேனே? இலக்கணத்தின் மேல் பழியைப் போடப் பார்க்கிறேன். அதுவும் ஒட்டவில்லை. என் விரல்தான் ஒட்டியது.

நான் போகும் ஒவ்வொரு முறையும் ராத்தா கேட்கிறார்: "அவரு கேட்ட அந்தக் கிதாப எனக்கும் ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்களேன் தம்பி." கண் வலி என்றேன். கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். இந்தக் கடிதத்தைத் துணிந்து பத்திரிகையில் அச்சுக்குக் கொடுப்பதுகூட, ராத்தாவுக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில்தான். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, சொல்ல வேண்டியவரைத் தவிர.

இனிச் சொல்லி என்ன, நீங்கள் எழும்பி வரப்போகிறீர்களா? தெல்தெனியவில் போன பணம் வரப்போகிறதா? ஒன்றும் வராது. தெரியும். ஆனாலும் வருகிற ஞாயிறு பின்னேரம் புத்தகத்தோடு போகிறேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, அந்த 'என்று' வந்ததும் நிறுத்தாமல் வாசிப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. தட்டில் தொதல் வைத்தால் முதலில் வாசித்து முடிப்பேன். முடித்த பிறகும் தட்டு அங்கே இருக்குமா தெரியாது.

ஒரு தாளைத் தவறவிட்ட உங்கள் தம்பி,
மஹய்யாவ மாரிமுத்து