கார்முகிலின் கழுத்து

ஜூன் 16, திங்கள்

மருமகள் பாண்டிச்செல்வி பிரசவம் முடிந்து தாய்வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். பேத்தி கார்முகிலுக்கு மூன்று மாதம். என் மகன் டில்லிபாபுவின் மூக்கு அப்படியே. ஆரத்தி சுற்றும்போது பார்த்தேன், தலை இடது தோள் பக்கம் சாய்கிறது, முகம் வலது பக்கம் போகிறது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 19

களைப்பு இல்லை. எப்படிப் படுக்க வைத்தாலும் வலது பக்கம்தான். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் கண் மட்டும் வருகிறது, கழுத்து வருவதில்லை. குளிப்பாட்டும்போது தலையைத் தடவினேன். வலது பின்பக்கம் தட்டை. சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது.

மூணு மாசமா பாண்டிச்செல்வி அம்மா அந்த உலகம்மா இன்னா பண்ணினு இருந்தா? சொந்தப் பேத்தி தலைய ஒரு தரம் தடவிப் பார்க்கக் கூடாதா?

சம்பந்தி என்று வாயால் சொல்கிறேனே தவிர மனசு இன்னும் ஆறவில்லை. தை மாசம் வளைகாப்பில் மாமியார் நான் நிற்கிறேன், முதல் வளையலைத் தன் அக்காளைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள். "எங்க பக்கத்து வழக்கம் மயினி" என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. எதையும் மறக்கவில்லை.

ஜூன் 21

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டில்லி ஷிப்ட் முடிந்து வந்து போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தலை தட்டை போறதுக்கு ஹெல்மெட் போடுவாங்களாம்மா" என்கிறான். "கைக்குழந்தைக்கு ஹெல்மெட்டா? ஒரகடம் ரோட்டுல பைக் ஓட்டப் போறாளா?" என்று கேட்டேன். எதிர்வீட்டு சத்யப்பிரியா கடுகுத் தலையணை வைக்கச் சொல்கிறாள். பாண்டிச்செல்வியோ, "எங்க ஊர்ல எல்லாரும் தானா சரியாயிரும்னாங்க அத்தை" என்கிறாள்.

தானாகச் சரியாகுமா? ஆகாவிட்டால்? பெண் குழந்தை. நாளைக்கு நாலு பேர் முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டா நிற்பாள்?

ஜூன் 27

கடுகுத் தலையணை தைத்து வைத்தேன். அதிலும் வலது பக்கமே குழி பண்ணிக்கொண்டு கிடக்கிறாள்.

ஜூலை 2, புதன்

இது உரம் விழுந்ததுதான். குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கினால் கழுத்துப் பக்கம் பிசகிக்கொள்ளும். டில்லிக்கு நாற்பதாம் நாள் விழுந்தது. என் மாமியார் புடவையில் போட்டு உருட்டி எடுத்தாள், மறுநாளே சரியானான்.

பாண்டிச்செல்வியிடம் கேட்டால் விடமாட்டாள். லீவு பேப்பரில் கையெழுத்துப் போட அவள் கம்பெனிக்குப் போனதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப் பிள்ளைப்பாக்கம் போனேன். அங்கே செல்லம்மாள் உரம் எடுப்பாள். பழைய புடவையில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு முனை பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மூன்று தரம் உருட்டினோம். அதோடு விட்டிருக்கலாம். "பிடிப்பு ஜாஸ்தியா கீது" என்று எண்ணெய் போட்டு கழுத்தை ஒரு இழு இழுத்தாள். குழந்தை மூச்சுப் பிடித்து அழுதது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை.

ஜூலை 3

பால் குடிக்கவில்லை. கழுத்துப் பக்கம் கை போனாலே அழுகை. "நேத்து காலையில நல்லாத்தான இருந்தா, என்னாச்சு அத்தை?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

தெரியலம்மா என்றேன்.

ஜூலை 4

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே கலைமதி என்று ஒரு பெண். வயது முப்பதுகூட இருக்காது. கழுத்தின் இடது பக்கம் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க யாராவது பிடிச்சு இழுத்தீங்களா?" என்று கேட்டாள்.

பாண்டிச்செல்வி, "இல்ல மேடம், யாரும் தொடல" என்றாள். எவ்வளவு தைரியமாகச் சொன்னாள். என்னை நம்பித்தானே சொன்னாள்?

"நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

கலைமதி திட்டவில்லை. "இனிமே செய்யாதீங்கம்மா, ஆபத்து" என்றாள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் கயிறு மாதிரி ஒரு சதை இருக்கிறதாம். இடது பக்கத்துச் சதை குட்டையாக இறுகியிருக்கிறது. அதனால் வலது பக்கமே பார்க்கிறாள், ஒரே பக்கம் அழுந்தி அழுந்தித் தலை தட்டையாகிவிட்டது. பயிற்சி செய்தால் நீளும். ஹெல்மெட் இப்போது வேண்டாம், தலையணையும் வேண்டாம்.

"இது யாரால வந்துச்சு?" என்று கேட்டேன்.

"யாராலயும் இல்லம்மா. வயித்துக்குள்ள இடுக்கிப் படுத்திருந்திருப்பா."

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. யாராலயும் இல்லையா? அப்போ இந்தப் பதினஞ்சு நாளா உலகம்மாளை நான் திட்டின திட்டெல்லாம்? குழந்தைக்கு நோவு வைத்தது ஒரே ஆள். அது அவள் இல்லை.

ஜூலை 6

பாண்டிச்செல்வி பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். டில்லியிடம் சொன்னது கேட்டது: "செப்டம்பர்ல நான் கம்பெனி லைனுக்குப் போகணும். அத்தைகிட்ட எப்படி விட்டுட்டுப் போவேன்? புள்ளைய எங்க ஊருக்கே அனுப்பிருவோம்."

அவள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அறுநூறு கிலோமீட்டர் இருக்காதா? பேத்தி நடப்பதைப் போனில் பார்க்க வேண்டியதுதான்.

ஜூலை 7

இன்றும் பேசவில்லை.

ஜூலை 11

பயிற்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் தோளை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி முப்பது எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். டில்லி வேலையில் இருந்தான். பாண்டிச்செல்வி ஒண்டியாகச் செய்து பார்த்தாள். குழந்தை உடம்போடு சேர்ந்து உருண்டது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம். இவளுக்கும் கண்ணில் தண்ணீர்.

நான் கேட்காமலே போய்த் தோளைப் பிடித்தேன். என் கையைப் பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை. முப்பது வரைக்கும் எண்ணினாள்.

ஜூலை 25

கலைமதி பார்த்தாள். கொஞ்சம் தேவலாமாம், போதாதாம். விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போடச் சொல்கிறாள். "பிடிச்ச முகம், பிடிச்ச குரல் எப்பவும் இடது பக்கம் இருக்கணும். அவளாத் திரும்பணும், அதுதான் மருந்து."

ஆகஸ்ட் 3

பத்து நாளாக இடது பக்கம் உட்கார்ந்து கத்துகிறேன். தட்டைத் தட்டினேன். காக்கா மாதிரி கத்தினேன். தாடை நேராகும் வரைக்கும் வந்து நிற்கிறது, அதற்கு மேல் ஃபேனைப் பார்க்கிறாள். என் முகம் பிடிக்கவில்லையா? செல்லம்மாள் வீட்டில் நடந்தது குழந்தைக்கு ஞாபகம் இருக்குமோ? நாலு மாசக் குழந்தைக்கு இருக்குமா? என் பேத்தியாச்சே, இருக்கும்.

ஆகஸ்ட் 14

உலகம்மாள் வந்திறங்கினாள். குழந்தையைக் கூட்டிப் போகத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏளா, என் தங்கம், ஆச்சி வந்துட்டேம்ளா!" என்று ஒரே சத்தம்.

நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வாசல் குழந்தைக்கு இடது பக்கம். தாடை நேராக வந்தது, நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் போனது. அப்புறம் வலித்தோ என்னவோ திரும்பிவிட்டது.

எனக்குச் சந்தோஷமா வயிற்றெரிச்சலா, எழுதத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மூணு மாசம் கேட்ட குரல் அது. எனக்கு எங்கிருந்து வரும்?

ஆகஸ்ட் 16

காலையில் நானே போய்க் கேட்டேன். "சம்பந்தி, நீங்க போவாதீங்க. குழந்தயயும் இட்டுனு போவாதீங்க. அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு இங்கதான் கீது. நான் தோளப் பிடிக்கிறேன், நீங்க இடது பக்கம் குந்திப் பேசுங்க." கழுத்தை இழுக்க வைத்ததையும் சொன்னேன்.

உலகம்மாள் இடுப்புச் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "செல்வி அன்னைக்கே சொல்லிட்டா மயினி. நானும் ஊர்ல ஒரு தடவை உரம் எடுத்தேன். அவகிட்ட சொல்லிராதீங்க" என்றாள்.

அடிப் பாவி.

செப்டம்பர் 15, திங்கள்

பாண்டிச்செல்வி காலை ஷிப்டுக்குப் போனாள். கம்பெனி பஸ் வருவதற்குள் மூன்று தரம் திரும்பி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனாள். என்னிடம், "மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மறந்துராதீங்க அத்தை" என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

மதியம் நான் தோளைப் பிடித்தேன், உலகம்மாள் பேசினாள். அவள் ஊர் ஆடு, மாடு, பஸ் எல்லாம் வந்தது பேச்சில். யாரும் தலையைத் தொடவில்லை. கார்முகில் இடது தோளுக்கு மேல் தாடை வரும்வரை அவளாகத் திரும்பினாள். நான் முப்பது வரை எண்ணினேன். முடிந்தும் திரும்பியபடியே இருந்தாள். தலைத் தட்டை இன்னும் போகவில்லை. போகும் என்கிறாள் கலைமதி.

டீ இடைவேளையில் போன் வந்தது.

"திரும்புனாளா அத்தை?"

"முழுசாத் திரும்புனா."

"உங்களைப் பாத்தா?"

"உங்கம்மாவைப் பார்த்து" என்றேன்.