மேற்கே திருப்பிவைத்த முகம்

மகன் வீரகாவுக்கு, தூபான் துறைமுகத்திலிருந்து அப்பா எழுதுவது. மலாக்காவில் நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன்னை அங்கே நூருத்தீன் என்கிறார்களாம், எனக்கு நீ வீரகாதான், பொறுத்துக்கொள். உன் அம்மா போய்விட்டாள் ஐயா. இன்றோடு பன்னிரண்டு நாள்.

கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவர்கள்தான் மறுமையில் ஒன்றாக இருப்போம், நீயும் வந்துவிடு அம்மா என்று அவளுக்கு எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். எனக்கு அதில் ஒரு வரி இல்லை. கிழவன் கேட்கமாட்டான் என்று நினைத்திருப்பாய், சரிதான். காய்ச்சல் முற்றிய அன்று துணி வியாபாரி ஹாஜி யூனுஸைக் கூட்டிவரச் சொன்னாள். நம் சாமிகள் உனக்கு என்ன குறை வைத்தார்கள் என்று கத்தினேன். அவளோ, "சாமிகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க சும்மா இருங்க. உசிரோட அவனப் பாக்கக் குடுத்துவைக்கல, செத்தாவது எம் புள்ள வர்ற எடத்துக்குப் போறேன்" என்றாள். அப்போ நான் எங்கடி போறது என்று கேட்டேன். அழுதாள், பிறகு யூனுஸ் சொல்லச் சொல்லக் கலிமாவைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள்.

எங்கள் இருவர் சிதைக்குமாகக் கொல்லையில் நான் அடுக்கிவைத்த விறகு அப்படியே கிடக்கிறது. அவளைக் குழியில் வலப்பக்கமாகப் படுக்கவைத்து முகத்தை மக்கா இருக்கும் பக்கம் திருப்பினார்கள். நாற்பது வருஷம் என் பக்கம் திரும்பிப் படுத்தவள். நம் வழக்கப்படி ஒரு பிடிச் சோற்றையும் வெற்றிலைப் பெட்டியையும் உள்ளே வைக்கப் போனேன். யூனுஸ் என் கையைப் பிடித்து, "வேணாம் அண்ணே, அவங்களுக்கு இனிமே பசிக்காது" என்றார். நல்ல மனுஷன். என்னையும் மார்க்கத்துக்குக் கூப்பிட்டார், கள்ளை எப்படி விடுவது என்று சிரித்து மழுப்பினேன். உண்மை அதில்லை. நானும் வந்துவிட்டால் அந்தப் பக்கம் காத்திருக்கும் என் அப்பா அம்மாவிடம் யார் போவது? பிள்ளை வராமல் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காற்று திரும்பிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை வா. எனக்கு நெருப்பு வைக்கச் சொல்லமாட்டேன், உன் மார்க்கம் விடாது. பக்கத்தில் நின்றால் போதும்.

நேற்று அவள் குழியருகே போய் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன். மலாக்காவும் அந்தத் திசையில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மறைக்கிறேனோ என்று எழுந்து தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

எந்தச் சாமி காதில் விழுந்தாலும் சரி, மூவரும் நன்றாக இருங்கள். சாயங்காலத்தில் குழந்தையைக் கடற்கரைக்குத் தூக்கிவந்து இந்தப் பக்கம் காட்டு, மறந்துவிடாதே. அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அப்பா,
கெபோ சுரா