பதினொன்றாவது கட்டம்

பெருமுக்கல்,
12 அக்டோபர் 2025, ஞாயிறு.

மதிப்பிற்குரிய அம்சவள்ளி அக்காவுக்கு,

நகராட்சி ஆபீஸில் மன்றப் பிரிவில் டைப் செய்கிற சங்கவி எழுதுவது. கூட்டத்தில் அஜெண்டா படிக்கிற பெண் என்றால் உங்களுக்கு முகம் ஞாபகம் வரும். கேட்காமல் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஒரு கவுன்சிலருக்கு ஆபீஸிலிருந்து எழுதுவதென்றால் ஆணையர் கையெழுத்தும் கோப்பு எண்ணும் போட்டு எழுதுவதுதான் முறை. நான் நிரந்தரப் பணியாளர்கூட இல்லை. இதை ஆபீஸ் கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். ரிஜிஸ்டரில் உங்கள் பெயருக்கு நேராக இருக்கும் நம்பருக்கு இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் உங்கள் வீட்டுக்காரர் வேங்கடேசன் அண்ணன்தான் எடுத்தார். மெம்பர் மேடம் இருக்காங்களா என்று கேட்டேன். மெம்பர்தான் பேசறேன், சொல்லும்மா என்றார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் இப்போது இருக்கிற ஓசூர்த் தங்கை வீட்டு முகவரியைப் பதினாலாவது வார்டு சவுரியம்மாள் மெம்பர்தான் கொடுத்தார்கள். அவர்களிடம் தங்கையின் வளைகாப்புப் பத்திரிகை இருந்ததாம். எதுக்கு என்று கேட்கவில்லை. எழுது, சுருக்க எழுது என்று மட்டும் சொன்னார்கள். சுருக்கமாக எழுத எனக்கு வராது.

தங்கையும் குழந்தையும் நலமா? பெயர் வைத்தாகிவிட்டதா? உங்கள் மகன் தேவாவைப் போன வாரம் பாலிடெக்னிக் பஸ்ஸில் பார்த்தேன். நன்றாக இருக்கிறான், மீசை விட்டிருக்கிறான். ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லை என்றான். உங்களைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மன்றக் கூட்டம் 27ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரைக்கு. நோட்டீஸ் வழக்கம்போல உங்கள் வீட்டுக்குத்தான் போகும், வழக்கம்போல அண்ணன்தான் வாங்குவார். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நீங்கள் வரவில்லை. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் பதவி போய்விடும் என்று எங்கள் கோபி சார் சொல்கிறார். அவர் இருபது வருடமாக இந்தப் பிரிவில் இருக்கிறவர். 27ஆம் தேதியும் நீங்கள் வராவிட்டால் அது மூன்றாவது.

இது தெரியாமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லுவதற்கு முன்னால் போன மாதக் கூட்டம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

பத்தரைக் கூட்டம் பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. சவுரியம்மாள் மெம்பர் மட்டும் பத்தேகாலுக்கே வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அஜெண்டாவை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து பாதியில் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. மீதியை இரண்டு மெம்பர்கள் பாடி முடித்தார்கள், தலைவர் வாயசைத்தார். மொத்தம் முப்பத்து நான்கு பொருள். தெரு விளக்கு, போர் மோட்டார் ரிப்பேர், மழைக்கு முன்னால் வாய்க்கால் தூர் எடுப்பது, பிறகு நாய். நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பொருள் மூன்றாவது மாதமாக வருகிறது. ஏழாவது வார்டு தென்னரசு எழுந்து, எங்க வார்டு நாயி எல்லாம் இப்ப அஜெண்டா நம்பர் சொல்லிக்கினு கொரைக்குதுங்க, ஒண்ணு புடிங்க, இல்ல அதுங்களுக்கும் ஒரு சேர் போடுங்க என்றார். தலைவரே சிரித்துவிட்டார். அதுவும் பாஸ்.

சமோசா வந்ததும் பொருள்கள் எப்படி வேகம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் பாஸ், பாஸ் என்று சத்தம் வந்துவிடும். இருபத்திரண்டிலிருந்து முப்பத்து நான்கு வரைக்கும் ஒரே மூச்சில் முடிந்தது. நான் முதல்முதலாக அஜெண்டா படித்த அன்றைக்கு எனக்குக் குரலே வரவில்லை. பொண்ணு மைக்கை முழுங்கிடுச்சா என்று யாரோ கேட்டார்கள். அப்போது நீங்கள், நிதானமா படிம்மா, பாஸ் பண்றவங்க எங்கியும் ஓடிட மாட்டாங்க என்றீர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டியவள் நான் ஒருத்திதான். காலேஜில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டவள். அன்றைக்கு முப்பது பொருளையும் படித்து முடித்தேன்.

இனி என் காரியம்.

கூட்டம் தொடங்கியதும் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கையெழுத்து வாங்குவது என் வேலை. வார்டு வரிசைப்படி கட்டம் போட்டிருக்கும். போன மாதம் பதினொன்றாவது வார்டு நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் பெஞ்சில் இல்லை, உங்கள் நாற்காலியில். நோட்டுக்குக் கை நீட்டி, இங்க குடும்மா, நான் போட்டா இன்னா, அவ போட்டா இன்னா என்றார். மெம்பர்தான் போடணும் சார் என்று சொல்லிவிட்டேன். கையில் தாள் இல்லாமல் அந்த ஹாலில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அடடே, ஊமைப் பொண்ணு பேசுது என்றார் அண்ணன். உடனே தென்னரசு பக்கத்திலிருந்து, வேங்கடேசா, நோட்ல நீ எந்தக் கட்டத்திலயும் இல்லப்பா, எழுந்து பெஞ்சுக்குப் போ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டேன். கூட்டம் முடிந்ததும் காலியாக இருந்த உங்கள் கட்டத்தில் சிவப்பு மையில் வரவில்லை என்று எழுதினேன். ஏதோ பெரிய நல்லது செய்த மாதிரி இருந்தது எனக்கு.

சாயங்காலம் கோபி சார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா பண்ணி வச்சிருக்க என்றார். நடந்ததைச் சொன்னேன். நீ அந்த ஆளுக்கு ஒண்ணும் பண்ணல, அந்தம்மாவுக்குத்தான் பண்ணியிருக்க, ஆகஸ்ட் ஒண்ணு, இது ரெண்டு, இன்னொண்ணு ஆச்சுன்னா சீட்டு காலி என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கில் நீங்கள் வந்ததாக இருந்திருக்கும். உங்கள் பதவிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் நோட்டைக் கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால் நான் கேட்கும் மன்னிப்பு எப்படிப்பட்ட மன்னிப்பு என்று எனக்கே தெரியவில்லை.

போன திங்கட்கிழமை அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தங்கச்சி, 27ஆம் தேதி நீ நோட்டைத் தூக்கிக்கினு அலையாத, மேசைமேலயே இருக்கட்டும், அவங்கவங்க வந்து போட்டுக்குவாங்க, மேல பேசிட்டேன் என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல பொண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கோபி சாரும், இந்தத் தடவை நோட்டு மேசையில இருக்கட்டும்மா என்றார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக 27ஆம் தேதி நீங்கள் வராவிட்டால் உங்கள் கட்டத்தில் ஒன்று சிவப்பு மை விழும், இல்லையென்றால் அண்ணன் கையெழுத்து விழும். முதலாவது நடந்தால் உங்கள் பதவி போகிறது. இரண்டாவது நடந்தால் பதவி இருக்கும், இன்னும் ஒன்றரை வருடத்துக்கு அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அஜெண்டா இன்னும் வெளியே வரவில்லை. நான்தான் டைப் செய்துகொண்டிருக்கிறேன், வெளியில் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். பொருள் எண் பத்தொன்பது, சந்தைமேட்டுப் பெண்கள் கழிப்பறையை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவது. ஜூலையில் நீங்கள் எழுந்ததால் ஒத்திவைத்த அதே பொருள்.

அன்றைக்கு நீங்கள் பேசியதை நான் என் குறிப்பு நோட்டில் வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். காலைல மல்லாட்டை மூட்டையோட வர்ற பொம்பளைங்க பொழுது சாயிற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காம ஒக்காந்துக்கினு இருக்காங்க, ஏன்னு இங்க யாருக்காவது தெரியுமா, இருக்கிற ஒரு கக்கூஸுக்கும் மூணு வருஷமா பூட்டு, இப்ப அதையும் இடிக்கிறீங்களா என்று கேட்டீர்கள். அப்புறம் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. ஏய், சரி சரி, ஒக்காரு, மிச்சத்த வூட்ல வந்து பேசு என்றார். சிரிப்பு எழுந்தது. நீங்கள் உட்கார்ந்தீர்கள். கூட்டம் முடிகிறவரை டீயைத் தொடவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் கூட்டத்துக்கு வரவில்லை.

தங்கை பிரசவத்துக்குத்தான் போனீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

தீர்மானப் புத்தகத்தில் நீங்கள் பேசியது வராது. பொருள் ஒத்திவைக்கப்படுகிறது என்று ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்கள் கேட்டதை என் அம்மாவிடம் சொன்னேன். வேர்க்கடலை சீசனில் அம்மாவும் அந்தச் சந்தையில் உட்காருகிறவள்தான். கெடார் பக்கத்திலிருந்து வருகிற பெண்களோடு வரிசையில் இருப்பாள். கேட்டுக்கொண்டே அடுப்பில் விறகைத் தள்ளினாள். இதையெல்லாம் மைக்குல கேட்டாங்களா என்றாள். ஆமாம் என்றேன். ஆம்பிளைங்க எதுர்லயா என்றாள். ஆமாம் என்றேன். இருபது வருடமாகச் சந்தைக்குப் போகிறவள், சிறுநீர்க் கடுப்பு என்று வருடத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், ஏன் வருகிறது என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள்.

27ஆம் தேதி பொருள் பத்தொன்பதை நான்தான் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் யாரும் எழுந்திருக்காவிட்டால் அது பாஸ். ஆட்சேபம் தெரிவிக்கிற இடம் எனக்கு இல்லை. நான் படிக்கிறவள் மட்டும்தான். சவுரியம்மாள் மெம்பரிடம் கேட்டேன். அவ எழுந்தா நானும் எழுந்து நிக்கிறேன், அது அவ வார்டு, அவ இல்லாம நான் எழுந்தா அவ வார்டுல இவளுக்கு இன்னா வேலைன்னுதான் கேப்பாங்க என்றார்கள். தென்னரசு என்ன செய்வார் என்று தெரியாது. சிரிக்க வைப்பார். சில நேரம் அதுவும் உதவுகிறது.

எழுத எழுத நீண்டுவிட்டது. நான் சின்னப் பெண், நீங்கள் ஐந்நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து வந்தவர்கள். இப்படிச் செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வயதும் இல்லை, பதவியும் இல்லை. உங்கள் வீட்டு விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது நிறைய. தங்கையைத் தனியாக விட்டு வர முடியாமல்கூட இருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். குழந்தையும் தாயும் நல்லபடியாக இருக்கட்டும், நீங்களும் நன்றாக இருக்க வேண்டும். அதுதான் முதலில்.

இனி ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முதல் பக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டியது, கை வரவில்லை.

பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகிற பஸ் ஓசூரில் நின்றுதான் வரும். திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம். 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. காலை எட்டு மணிக்கு ஏறினால் மூன்று மணிக்குள் திண்டிவனம் வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். அங்கிருந்து மரக்காணம் பஸ்ஸில் எங்கள் ஊர் அரை மணி நேரம்கூட இல்லை. நீங்கள் வரும் விஷயம் ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம், வீட்டுக்கும் கூட்டம் முடிந்து போய்க்கொள்ளலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதுக்கு என்று அவளும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேழ்வரகுக் களி பிடிக்குமா, சோறு வடிக்கவா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் ஒரே பஸ்ஸில் சேர்ந்து ஆபீஸுக்குப் போகலாம். பத்தே காலுக்கு நாம் போனால் ஹாலில் சவுரியம்மாள் மெம்பர் மட்டும்தான் இருப்பார்கள். உங்கள் நாற்காலி காலியாக இருக்கும்.

அந்த ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்குங்கள் அக்கா.

வருகையை எதிர்பார்த்திருக்கும்,
சங்கவி

(என் போன் நம்பரைக் கவரின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். அது என் கையில்தான் இருக்கும். நான்தான் எடுப்பேன்.)