கொட்டிவிட்ட ஊற்றுத் தண்ணீர்

மொனராகலை,
ஆனி, 1908

அன்புள்ள இராக்கம்மா,

நான் சுகம். உன் இருமல் நின்றதா?

பாறைக்குள் செம்பும் ஈயமும் எந்தத் தண்ணீரோடு வந்து படிந்தன என்று அறிய, கல் ஆராயும் எங்கள் துரை ஒரு மாதமாக வெந்நீர் ஊற்றுகளில் போத்தல் போத்தலாகப் பிடித்து வைத்திருந்தார். நேற்றுக் காலை, நீ வீட்டில் செய்வதுபோல், பழைய தண்ணீரென்று அத்தனையையும் கொட்டிவிட்டு ஓடையில் நிரப்பி வைத்தேன். துரை திட்டவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பயத்தில், “எம் பொஞ்சாதி பழக்கிவிட்டதுங்க” என்று உன்மேல் போட்டுவிட்டேன். “சுத்தமான பொம்பளை” என்றார் அவர். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஊற்றுகளுக்கெல்லாம் மறுபடி நடக்க வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு வரமுடியாது. நீ இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு.

தபால்காரர் கிளம்புகிறார். நான் வந்ததும், துரை திட்டாததையும் சேர்த்து நீயே திட்டிவிடு.

உன்
கந்தப்பன்