பேனரில் தம்பியின் படம்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்ற நினைப்போடு அம்மா எழுதுகிறேன். சளி விட்டதா? ஈரத்தலையோடு வகுப்புக்கு ஓடாதே. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் எல்லோரும் படுத்த பிறகு இந்த மெயிலைத் தட்டுகிறேன்.

நீ படித்த பள்ளிக்கூடம் அமர்க்களப்படுகிறது. பத்தாம் வகுப்பு சர்வதேசத் தேர்வு முடிவு வந்துவிட்டது, எல்லோரும் தேர்ச்சி, நூறு சதவீதம் என்று எழுதி கேட்டில் பலூன் கட்டியிருக்கிறார்கள், திங்கட்கிழமை விழா. உன் படம் அதே கேட்டில் தொங்கிய வருஷம் அப்பா நடுரோட்டில் பைக்கை நிறுத்திப் பார்த்து, பின்னால் வந்தவனிடம் திட்டு வாங்கினாரே, அந்த ஞாபகம் வந்தது. ஆனால் இந்த நூறு சதவீதத்தில் தம்பி சேர்த்தியில்லை. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. மாதிரித் தேர்வில் அவன் மதிப்பெண் இறங்கியதும் பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துப் பேரில் எழுத வேண்டாம், தனித்தேர்வராக வெளி மையத்தில் எழுதட்டும், பையனுக்கும் பாரம் குறையும் என்றார். அது யாருடைய பாரம் என்று பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன். யூனிஃபார்ம் இல்லாமல், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான்.

இப்போது பார், எல்லாப் பாடத்திலும் பாஸ், இயற்பியலில் ஏ ஸ்டார், அவன் செட்டில் வேறு யாருக்கும் அது வரவில்லை. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன், அவன் ம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மறுநாளே பெரிய மேடம் போன். பதினொன்றாம் வகுப்பு சீட் பற்றிக் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றவர், நம்ம பையன்தானேம்மா, பேனர்ல போடாம இருப்போமா, ஒரு போட்டோ மட்டும் குடுங்க, சீட்டை இன்னைக்கே எழுதிடுறேன் என்று தேனாய்ப் பேசினார். நமக்குக் கட்டுப்படியாகிற தூரத்தில் ஒழுங்கான ஆய்வுக்கூடம் உள்ள பள்ளி அது ஒன்றுதான், உனக்கே தெரியும். தம்பியிடம் சொன்னேன். நூறு சதவீதம்னு ஏற்கெனவே போட்டாச்சே, இப்ப என்னையும் சேத்து நூத்தியொண்ணுன்னு போடுவாங்களாம்மா என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன், அவன் சிரிக்கவில்லை, ஸ்டூடியோவுக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். அப்பாவோ, போட்டோவத்தானே கேக்குறாங்க, பையனையா கேக்குறாங்க, குடுத்துத் தொலை என்கிறார்.

கொடுத்துவிட்டேன், குட்டி. அவனுக்குத் தெரியாமல். ஒன்பதாம் வகுப்பு அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம், எதிரே நின்று நீ முகத்தைக் கோணிக் காட்டினாயே, அதற்குப் பல் தெரியச் சிரிக்கிறான். பள்ளி அலுவலகத்தில் நீட்டும்போதுதான் உறைத்தது, நான் தலையாட்டிய நாளிலிருந்து அந்தச் சிரிப்பை வீட்டில் பார்க்கவேயில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஊரே பார்க்கும்.

அதற்குள் அவனிடம் சொல்லியாக வேண்டும். அக்கா சொன்னால் கேட்பான் என்று உன் தலையில் கட்டிவிடத்தான் எழுத உட்கார்ந்தேன், எழுதி வரும்போது வெட்கமாகிவிட்டது. நான்தான் சொல்ல வேண்டும். படத்தைத் திருப்பி வாங்கு என்றால் வாங்கிவிடுவேன், சீட் போனால் போகட்டும். இந்த வரியை இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்ததும் கூப்பிடு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அவனிடம் பேசுகிறேன். எனக்காக நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவன் பக்கம் ஓர் ஆள் இருக்கட்டும், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு, தனியாக இருட்டில் நடந்து வராதே, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணு. ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

எந்நேரமும் உன் நினைப்பாக இருக்கும்,
அம்மா