பெட்டி வந்துவிட்டது

என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனவருக்கு,

நீங்கள் வாசலைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்த, வீட்டிலிருந்தே பிட்காயின் காசு சம்பாதித்துத் தருமென்ற அந்த இயந்திரம் நேற்று வந்தது. கொண்டுவந்தவன் உங்களைத்தான் கேட்டான். "அவர் இல்லைப்பா" என்று நானே கையெழுத்துப் போட்டேன். பார்த்தீர்களா, என் கோணல் கையெழுத்தே போதுமாம்!

அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று எவ்வளவு கெஞ்சினேன்! "பெட்டி வர்ற நேரம்டி. ஆள் இல்லேன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவான். உனக்கு இதெல்லாம் புரியாது" என்றீர்கள். எனக்குப் புரியாதுதான். உங்களுக்கு மட்டும் என்ன புரிந்தது? பெட்டிக்கு முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் தம்பி வந்து மாட்டிக்கொடுத்தார். செருப்பு டப்பா அளவுதான் இருக்கிறது, ஆனால் அதன் விசிறி கத்திக் கத்தி ஊரைக் கூட்டுகிறது. அறை அடுப்படியாய்க் கொதிக்கிறது.

"காதே போச்சு அண்ணி, அணைச்சிடட்டுமா?" என்றார்.

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து உங்களை வாய்விட்டுத் திட்டினேன். அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. அழுததும் கேட்டிருக்காது.

திட்டி முடித்ததும் அணைத்துவிடுவேன். இன்னும் முடியவில்லை.

கோபம் ஆறாத
உங்கள் மனைவி