அரைஞாண் என்று நான் சொன்ன கோடு

அன்புள்ள மச்சான்,

இன்று காலை எக்ஸ்ரே அறை அலுமாரியைத் துப்புரவாக்கினேன். பழைய படங்களுக்கு அடியில் உன் பெயர் எழுதிய உறை கிடந்தது. நானேதான் அங்கே வைத்தவன். திறந்ததும் படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா, இதுக்கை எப்பிடிச் சீவிக்கிறாய்?" என்று கேட்டது நினைவு வந்து, அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்று துணுக்காய் ஊரிலிருந்து மனைவியோடு பஸ்ஸில் உடம்பைக் குறண்டிக்கொண்டு வந்தாய். வலது விலாவிலிருந்து அடிவயிறு வரை இழுக்கும் வலி. சலக்கல்லாக இருக்கும், சிறுநீர் வழியில் கல், வயிற்றுப் படம் எடு என்றார் பெரிய டொக்டர். வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னேன். "அம்மா கட்டிவிட்டது. செத்தாலும் கழட்டன்" என்றாய். பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருந்த காலத்திலிருந்து உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? "அப்ப ஒரு பக்கமா இழுத்துவிட்டிட்டு வந்து படு, விசரா" என்று கத்திவிட்டு இருட்டறைக்குள் போனேன். திரும்பி வந்தபோது வேட்டியை இறுக்கிக்கொண்டு மேசையில் கிடந்தாய். நான் வேட்டியை விலக்கிப் பார்க்கவில்லை.

படத்தில் கல் பளிச்சென்று தெரிந்தது. முள்ளந்தண்டுக்கு இடப்பக்கம், முட்டைக்கோதின் விளிம்பு போல, மெல்லிதாய் வளைந்த ஒரு கோடும் இருந்தது. டொக்டர் அதில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"அது அவன்ரை அரைஞாண், சேர். கழட்டமாட்டன் எண்டு நிண்டவன்" என்றேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கல்லுக்கு மருந்து எழுதினார்.

கல் விழுந்ததும் ஒரு போத்தல் காட்டுத் தேனோடு வந்து, "இனி எனக்கென்ன மச்சான்!" என்றாய். மூன்றாம் மாதம் நெற்சூடு மிதித்த களத்தில் நாரிமுதுகைப் பிடித்தபடி விழுந்தாய். டிராக்டர் பெட்டியில் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் உடம்பு குளிர்ந்திருந்தது.

எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுப் படையலன்று, உன் மனைவி அரைஞாணைக் கொண்டுவந்து காட்டினா. "அண்ணை, படம் எடுக்கப் போகேக்கை இதைக் கழட்டி என்ரை கையிலை தந்தவர். 'அவனிட்டைச் சொல்லிப்போடாதை, என்னை வெண்டிட்டன் எண்டு ஊரெல்லாம் கதைப்பான்' எண்டு சிரிச்சவர். பேந்து வீட்டை வந்துதான் கட்டினவர்."

மறுநாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். வயிற்றின் பெரிய இரத்தக் குழாய் வீங்கி, அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தது. நான் அரைஞாண் என்று சொன்ன கோடு அதுதான்; அது வெடித்துத்தான் நீ களத்தில் விழுந்திருக்கிறாய். கொழும்புக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாயோ, தெரியாது. அனுப்பவாவது செய்திருக்கலாம். படுபாவி, உன்னோடு சண்டை பிடிக்கக்கூட இப்போது நீ இல்லை.

இப்போது யார் என்ன சொன்னாலும் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் படம் எடுக்கிறேன். தேடியது கிடைத்த பிறகும் படத்தின் நாலு மூலையையும் பார்க்கிறேன். கிழவனுக்கு விசர் என்கிறார்கள். சொல்லட்டும்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கன்று உன் மனைவி என்னிடம் கேட்டா: "அண்ணை, அந்தப் படத்திலை வேறை ஒண்டும் தெரியேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி, ஒண்டுமில்லை" என்றேன்.

"நீங்கள் பாத்தது எண்டபடியால் எனக்கு மனம் ஆறுது" என்று சொல்லி, எல்லாருக்கும் முதல் எனக்கு இலை போட்டா. நான் சாப்பிட்டேன், மச்சான்.